கீழே ஓடும் மிக்ஸி மலைக்குப் போனால் ஏன் ஓவர்லோட் காட்டுகிறது?

கேள்வி இதுதான். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, சின்ன கிச்சன், 90 லிட்டர் ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாக மாற்றியிருக்கிறீர்கள். 2000 வாட் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர், 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்று. சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு வாசலில் நிற்கும்போது மிக்ஸி, ஃபிரிட்ஜ், லைட் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, காலையில் சட்னிக்கு மிக்ஸியைத் திருப்பினால் சிவப்பு லைட், பீப் சத்தம், ஓவர்லோட். கடையில் கேட்டால் "3000 வாட் போட்டுடுங்க, பிரச்சினையே இருக்காது" என்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். 3000 வாட் போட்டாலும் இதே தொல்லை வர வாய்ப்பு அதிகம், இன்னும் கூடினாலும் ஆச்சரியமில்லை. இன்வெர்ட்டருக்குத் தெம்பு இல்லாமல் இல்லை, அதற்குப் போகவேண்டிய சாப்பாடு வழியிலேயே சிந்திப்போகிறது என்பது என் சந்தேகம். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஓடும் அந்த இரண்டு கேபிளை அளந்து பார்க்காமல், யார் என்ன சொன்னாலும் காசை வெளியே எடுக்காதீர்கள். சேலத்தில் இருபது வருடமாக பேட்டரி, இன்வெர்ட்டர் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி வேன்கள் வர ஆரம்பித்தது கொஞ்ச வருடமாகத்தான். ஓவர்லோட் என்று என்னிடம் வந்தவற்றில் இன்வெர்ட்டரையே குற்றம் சொல்லும்படி இருந்தவை ரொம்பக் குறைவு.

வோல்டேஜ் குறைந்தால் "லோ பேட்டரி" என்றுதானே காட்ட வேண்டும், ஏன் ஓவர்லோட் என்று காட்டுகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இன்வெர்ட்டர் வெளியே 230 வோல்ட்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். உள்ளே வரும் வோல்டேஜ் இறங்க இறங்க, அதே வேலையைச் செய்ய அது கூடுதல் ஆம்பியரை இழுக்கும். 1000 வாட் லோடு என்று வைத்துக்கொள்வோம். 12.6 வோல்ட் வந்தால் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். 10.5 வோல்ட்தான் வருகிறது என்றால் 108 ஆம்பியர். ஆம்பியர் கூடினால் கேபிளில் வோல்டேஜ் இன்னும் விழும். விழுந்தால் இன்னும் கூடுதலாக இழுக்கும். இந்தச் சுழலில் ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே கரண்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற பாகங்களைக் காப்பாற்ற கரண்ட் சென்சார் குறுக்கே வந்து நிறுத்திவிடும். அந்த சென்சாருக்குத் தெரிந்தது ஆம்பியர் மட்டும்தான், ஆகவே ஓவர்லோட் என்கிறது. விலை குறைந்த சில இன்வெர்ட்டர்களில் ஓவர்லோட், லோ பேட்டரி, சூடு மூன்றுக்கும் ஒரே சிவப்பு லைட்தான். பீப் எத்தனை முறை அடிக்கிறது என்பதை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். கூட வந்த புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

போன தை மாசம் ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வண்டிக்குப் போக வேண்டியிருந்தது. உங்களுடையது போலவே டிராவலர், சேலத்துக் குடும்பம். காலையில் ஏழு மணி, குளிர் 14 டிகிரி இருக்கும், ஜன்னலெல்லாம் பனி. பாட்டி தேங்காயைச் சில்லு போட்டு ஜாரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏன் சாமி, பேசாம அம்மிக்கல்லையே தூக்கிட்டு வந்திருக்கலாம் போல" என்றார். என்ன பதில் சொல்வது?

மிக்ஸி போடுவதற்கு முன்னால் பேட்டரியில் 12.2 வோல்ட். அது சரிதான். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓடினால் அவ்வளவுதான் இருக்கும். அப்புறம் ஒரு மீட்டரை பேட்டரி முனையிலும் இன்னொன்றை இன்வெர்ட்டர் முனையிலும் வைத்து, மிக்ஸியை ஒன்றில் திருப்பச் சொன்னேன். கேபிளைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 70 ஆம்பியர் காட்டியது. பேட்டரி முனையில் 11.8. இன்வெர்ட்டர் முனையில் 10.2. மூன்று நொடியில் சிவப்பு லைட் வந்து நின்றுவிட்டது. நடுவில் 1.6 வோல்ட் காணோம். எங்கே போயிற்று? மைனஸ் கேபிளை பேட்டரியிலிருந்து நேராக இன்வெர்ட்டருக்குக் கொண்டுபோகாமல், வண்டி பாடியில் ஒரு போல்ட்டில் எர்த் செய்து, அந்தப் பக்கம் வேறொரு போல்ட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். முதல் போல்ட்டைத் தொட்டேன், விரலை வைக்க முடியவில்லை. வாஷரைக் கழற்றினால் அடியில் பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டாமல் மேலேயே லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முடுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் 1.1 வோல்ட் விழுந்திருந்தது. 70 ஆம்பியருக்கு அது 77 வாட், ஒரு பெரிய குண்டு பல்பு எரிகிற சூடு, ஒரு போல்ட் தலையில். மீதி அரை வோல்ட் கேபிளில். 16 சதுர மில்லிமீட்டர் கேபிள், போக வர ஆறு மீட்டர். கணக்கு அப்படியே பொருந்தியது.

எமரி பேப்பரால் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிந்த பிறகு முடுக்கினேன். பாட்டியின் சட்னி அரைந்தது. கீழே வந்ததும் பாடி எர்த்தே வேண்டாம் என்று, மைனஸுக்கும் தனிக் கேபிளாக 35 சதுர மில்லிமீட்டரில் போட்டோம். அதே மிக்ஸிக்கு மொத்த இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது.

இப்போது உங்கள் புதிருக்கு வருவோம். அந்த வண்டிகூட சேலத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கீழே வீட்டு வாசலில் நிற்கும்போது வீட்டு பிளக்கில் சார்ஜர் சொருகியிருக்கும். பேட்டரி முழுசாக இருக்கும், சார்ஜரும் தன் பங்குக்கு இருபது ஆம்பியர் தள்ளும். மிக்ஸி போட்டாலும் பேட்டரி முனை 12.5-க்குக் கீழே இறங்காது. அதில் 1.6-ஐக் கழித்தால் 10.9. பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் வோல்டேஜ் போதாது என்று நின்றுவிடும் கட் ஆஃப் 10.5 பக்கம், ஆகவே மயிரிழையில் தப்பித்துவிடும். மேலே போனால் 11.8-இல் 1.6 போய் 10.2. செத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு லைட் என்றால் அதையும் ஓவர்லோட் என்றே நினைப்போம். குறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கீழே சார்ஜர் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மலைக்குப் போனால் காற்று குறைவு, அதனால்தான் இன்வெர்ட்டர் இழுக்கவில்லை என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் துளி உண்மை இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டர்கூட இருக்காது. மேலே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு, அதனால் இன்வெர்ட்டரின் ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் வெளியே தள்ளும் சூடு குறைகிறது. ஆனால் அது ஏசி மாதிரி மணிக்கணக்கில் ஓடும் லோடுக்குத்தான் கவலை. அதிலும் ஏற்காட்டுக் குளிர் பாதியை ஈடுகட்டிவிடும். உண்மையில் சித்திரை வெயிலில் சேலத்து ரோட்டோரம் நிற்கும் வண்டிக்குள்தான் இன்வெர்ட்டர் அதிகம் தவிக்கும். பல கம்பெனிகள் 25 டிகிரிக்கு ஒரு வாட், 40 டிகிரிக்கு அதைவிடக் குறைந்த ஒரு வாட் என்று டேட்டா ஷீட்டிலேயே போட்டிருப்பார்கள். இரண்டு நிமிஷ மிக்ஸிக்கு மலை உயரம் ஒரு காரணமே அல்ல. குளிர் வேறு விஷயம். லெட் ஆசிட் பேட்டரி குளிரில் கொஞ்சம் மந்தமாகும், ஏற்காட்டின் விடியற்காலையில் அதன் தெம்பு பத்து சதவீதம்போல குறைந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் வண்டியில் எப்படிப் பார்ப்பது? முதலில் மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஸ்பானர் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் விழுந்தால் அது வெல்டிங் ராடுதான். அந்தப் பக்கம் வெளியே வரும் 230 வோல்ட், வீட்டு கரண்ட் போலவே ஆளைக் கொல்லும்.

மிக்ஸியை வைத்து சோதனை செய்ய வேண்டாம், அது கிளம்பும்போது ஒரு மாதிரி, ஓடும்போது ஒரு மாதிரி இழுக்கும். இஸ்திரிப் பெட்டி இருக்கிறதே, அதுதான் நல்ல சோதனை லோடு. 750 அல்லது 1000 வாட், வெறும் ஹீட்டர், கிளம்பும்போது எகிறாது. ஃபிரிட்ஜ், லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை முழு சூட்டில் வைத்து சொருகுங்கள். ஒருவர் பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் படிக்கட்டும், இன்னொருவர் இன்வெர்ட்டர் முனையில். மீட்டர் முள்ளை கேபிள் லக்கில் வைக்காமல், பேட்டரியின் ஈய முனையிலேயே வையுங்கள், இல்லையென்றால் லக்குக்கும் முனைக்கும் நடுவே இருக்கும் குறை கணக்கில் வராது. ஒரு மீட்டர்தான் இருக்கிறது என்றால் அடுத்தடுத்து படித்தாலும் போதும், ஆனால் சீக்கிரம். 1000 வாட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.4 வோல்ட்டுக்குள் இருந்தால் கேபிள் நல்ல கேபிள். ஒரு வோல்ட் தாண்டினால் திருடன் அகப்பட்டான், எந்த அறையில் ஒளிந்திருக்கிறான் என்பதுதான் பாக்கி.

அதற்கு ஒவ்வொரு இணைப்பாகப் போக வேண்டும். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி முனையிலும் இன்னொன்றை அதில் மாட்டியிருக்கும் லக்கிலும் வையுங்கள். பிறகு ஃபியூஸின் இரண்டு பக்கம். பேட்டரியைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்ச் இருந்தால் அதன் இரண்டு பக்கம். இன்வெர்ட்டர் முனையும் அதன் லக்கும். மைனஸ் பக்கமும் இதேபோல். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். எங்கேயாவது 100, 200 மில்லிவோல்ட் என்று வந்தால் அங்கே நிறுத்துங்கள். மீட்டர் இல்லாதவர்கள் ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு, லோடை நிறுத்திய பிறகு, ஒவ்வொரு லக்காகத் தொட்டுப் பார்க்கலாம். நாலு லக் வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

நான் அடிக்கடி பார்ப்பது மூன்று. ஒன்று, மேலே சொன்ன பெயிண்ட் போல்ட். இரண்டாவது, சுத்தியலால் அடித்து நசுக்கிய லக். வெளியே பார்க்க டேப் சுற்றி அழகாக இருக்கும், இழுத்தால் கேபிள் கையோடு வரும். லாரி வேலை செய்யும் எலக்ட்ரீசியன்களிடம் லக்கைக் கேபிளோடு அழுத்திப் பிடிக்க வைக்கும் ஹைட்ராலிக் கிரிம்ப் டூல் இருக்கும். சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை, போய் அதில் அடித்து வாங்குங்கள். மூன்றாவது, கேபிளே ஏமாற்று. காப்பர் என்று விற்பார்கள், உள்ளே அலுமினியத்துக்கு மேல் காப்பர் பூச்சு. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகப் பல்லை இளிக்கும். கையில் எடுத்தாலே கனம் இருக்காது. அலுமினியத்தில் அதே தடிமனுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் இழப்பு இருக்கும்.

அளவு என்ன போடுவது என்று கேட்டால், காப்பரில் 16 சதுர மில்லிமீட்டர் கேபிளின் ரெசிஸ்டன்ஸ் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லி ஓமுக்குக் கொஞ்சம் கூடுதல், 35-க்கு அதில் பாதி. மிக்ஸி, ஃபிரிட்ஜ், டிவி அளவில் நிறுத்திக்கொள்கிறீர்கள் என்றால் 35 போதும், 150 ஆம்பியர் ஃபியூஸ். 2000 வாட்டையும் இழுத்தே தீருவேன் என்றால் 190 ஆம்பியர் வரும், 70 சதுர மில்லிமீட்டர் போட்டுக்கொள்ளுங்கள், ஃபியூஸ் 250. எதுவானாலும் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் பக்கத்தில் வைத்துக் கேபிளைக் குறைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அழகுக்காக இன்வெர்ட்டரை முன்னால் டாஷ்போர்டு பக்கம் வைத்து, பேட்டரியைப் பின்னால் டிக்கியில் வைத்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். ஃபியூஸ் பிளஸ் கேபிளில் பேட்டரிக்கு ஒட்டியே இருக்க வேண்டும். அது எரிந்துபோனால் அடுத்த சைஸ் போட்டு ஓட்டாதீர்கள், அது கேபிள் தீப்பிடிக்காமல் காக்க வைத்தது.

இஸ்திரிப் பெட்டி நன்றாக ஓடுகிறது, இன்வெர்ட்டர் முனையில் வோல்டேஜும் விழவில்லை, மிக்ஸிக்கு மட்டும் டிரிப் ஆகிறதா? அப்போது வேறு கதை. மிக்ஸி மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, எழுதியிருக்கும் 750 வாட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு ஒரு கண்ணிமைக்கும் நேரத்துக்கு இழுக்கும். ஜார் நிறையக் கெட்டியாகத் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டுத் தண்ணீர் ஊற்றாமல் நேராக மூன்றில் திருப்பினால், அல்லது குமிழை எதிர்ப்பக்கம் பல்ஸில் திருப்பி, விட்டு விட்டு அடித்தால், எகிறத்தான் செய்யும். பாதி ஜார், கொஞ்சம் தண்ணீர், ஒன்றில் ஆரம்பித்து நகர்த்துங்கள். கிரைண்டரானால் கல்லை வெறுமனே சுற்றவிட்டு, அப்புறம் அரிசியைப் போடுங்கள். உங்களுடையது பியூர் சைன் வேவ் என்பதால் இதோடு நிற்கும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு மோட்டார் உறுமும், சூடாகும், கூடுதலாகவும் இழுக்கும். அந்த வெளியீட்டைச் சாதாரண மீட்டர் தப்பாகப் படிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாகப் படிக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வேண்டும்.

எத்தனை நேரத்தில் டிரிப் ஆகிறது என்பதே பாதி விடை. சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் என்றால் கிளம்பும் இழுப்பு அல்லது எங்கோ ஷார்ட். சில நொடியில் என்றால் லோடு அதிகம் அல்லது வோல்டேஜ் விழுகிறது. பதினைந்து இருபது நிமிஷம் ஓடிவிட்டு என்றால் சூடு. சீட்டுக்கு அடியில் இன்வெர்ட்டரை வைத்து, மேலே போர்வை, குழந்தை டயப்பர் பாக்கெட் எல்லாம் அடுக்கியிருப்பீர்கள், ஃபேன் துவாரத்தில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். துடைத்துவிட்டு நாலு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள்.

அப்புறம் ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் இதில் விழுகிறார்கள். மிக்ஸியால் ஒருமுறை டிரிப் ஆகிறது. உடனே ரீசெட் செய்கிறீர்கள், மிக்ஸி போடாமலே மறுபடி ஓவர்லோட். இன்வெர்ட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். நடந்தது என்னவென்றால், டிரிப் ஆனபோது ஃபிரிட்ஜும் நின்றுவிட்டது. கம்ப்ரசருக்குள் அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் அது முறுக்கிக்கொண்டு நின்றபடியே, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றி வைத்து, ஐந்து நிமிஷம் கழித்துச் சொருகுங்கள். இரண்டாவது ஓவர்லோட் மறைந்துவிடும்.

எந்த லோடும் போடவில்லை, ஆனாலும் இன்வெர்ட்டர் எதையோ இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால் சார்ஜரைத் தேடுங்கள். வீட்டு கரண்டில் சார்ஜ் ஏற்றும் சார்ஜரை, வண்டிக்குள் இருக்கும் ஏதோ ஒரு சாக்கெட்டில் நிரந்தரமாகச் சொருகி வைத்திருப்பார்கள். வெளி கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஆன் ஆனதும், அந்த சாக்கெட்டுக்கும் இன்வெர்ட்டர் கரண்ட் வரும். பேட்டரியிலிருந்து எடுத்து, இன்வெர்ட்டர் வழியாக, சார்ஜருக்குப் போய், அதே பேட்டரிக்கு. எண்ணெய்க்காரன் தன் செக்கையே தான் சுற்றுகிற கதை, சுற்றும்போது ஒவ்வொரு இடத்திலும் சிந்தும். முந்நூறு வாட் சும்மா போய்க்கொண்டிருக்கும், மிக்ஸி போட்டதும் மொத்தமாகக் கவிழும். சார்ஜர் சாக்கெட்டை வெளி கரண்ட் லைனில் மட்டும் தனியாகப் போடுங்கள். ரிசார்ட்டில் வாங்கும் கரண்டும் இன்வெர்ட்டர் கரண்டும் ஒரே வயரில் சந்திக்காமல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். சந்தித்தால் இன்வெர்ட்டர் புகைந்துவிடும், அதற்கு வாரண்டியும் கிடைக்காது.

உங்கள் கேள்வியில் கெட்டில் பற்றி ஒரு வரி இருந்தது. 1500 வாட் கெட்டில் 2000 வாட் இன்வெர்ட்டரில் ஓட வேண்டியதுதானே என்று. இன்வெர்ட்டர் ஓட்டும், பேட்டரிதான் ஓட்டாது. கெட்டிலுக்கு 140 ஆம்பியர் வேண்டும். 150 ஏஎச் என்று ஸ்டிக்கரில் போட்டிருப்பது இருபது மணி நேரக் கணக்கு, அதாவது ஏழரை ஆம்பியர் வீதம் இழுத்தால்தான் அந்த 150 கிடைக்கும். 140 இழுத்தால் ஒரு மணி நேரம்கூட நிற்காது, அதற்கு முன்பே வோல்டேஜ் குப்புற விழுந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஆகும் மொத்த கரண்ட் பத்து ஏஎச்கூட ஆகாது என்பது வேறு விஷயம். அளவு குறைவுதான், ஆனால் அதை நாலே நிமிஷத்தில் பிடுங்கினால் பேட்டரி தாங்காது. இன்டக்ஷன் அடுப்பும் அப்படியே. 500-இல் வைத்தேன் என்பீர்கள், நிறைய அடுப்புகள் குறைந்த சூட்டில் முழு பவரையும் விட்டு விட்டுப் போடும். சத்தத்தைக் கேட்டாலே தெரியும். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, கேஸ் அடுப்பில் ஒரு டம்ளர் காபி போட என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தண்ணீர்கூட அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ஹேர் டிரையருக்கு ஒரு விசித்திரம் உண்டு. முழு சூட்டில் ஓடும், பாதியில் வைத்தால் இன்வெர்ட்டர் டிரிப் ஆகும். தலைகீழாகத் தோன்றும். சில மலிவான டிரையர்களில் பாதி சூட்டுக்கு, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டையோடைப் போட்டு அலையில் பாதியை வெட்டிவிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் அந்த லோடு பல இன்வெர்ட்டர்களுக்கு ஆகாது.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டியூபுலர் பேட்டரி வீட்டு மூலையில் அசையாமல் உட்காருவதற்குச் செய்தது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கினால் உள்ளே ஆசிட் தளும்பும், மூடி வழியே கசிந்து முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். அந்தப் பூவே ஒரு ரெசிஸ்டன்ஸ். சோடா உப்பு கரைத்த வெந்நீரை உள்ளே போகாமல் ஊற்றிக் கழுவி, முடுக்கி, வாசலைன் தடவுங்கள். முழு சார்ஜில், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1240 பக்கம் காட்ட வேண்டும், ஆறு செல்லில் ஒன்று மட்டும் தனியாகக் கீழே நின்றால் கேபிளை எவ்வளவு மாற்றியும் பயனில்லை. இன்னொன்று, சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜன் விடும். நீங்கள் படுக்கும் இடத்துக்கு அடியில் மூடிய பெட்டியில் வைத்திருந்தால், முதலில் வெளியே காற்று போக ஒரு குழாய் வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

லித்தியத்துக்கு மாறலாமா என்றால், மாறலாம், வண்டிக்கு அதுதான் சரி. ஆனால் 100 ஏஎச் பேட்டரியில் பெரும்பாலும் 100 ஆம்பியர் பிஎம்எஸ்தான் (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) இருக்கும், ஆயிரத்துச் சொச்சம் வாட்டுக்கு மேல் கேட்டால் கதவைச் சாத்திவிடும். அப்போது ஓவர்லோட் லைட்டே வராது, இன்வெர்ட்டர் மொத்தமாக அணைந்துபோகும். அந்த வித்தியாசத்தைப் பார்த்தே குற்றவாளி பிஎம்எஸ் என்று சொல்லிவிடலாம்.

3000 வாட் எப்போது வாங்கலாம்? கேபிள், லக், பேட்டரி எல்லாம் சரியாக இருந்து, நீங்கள் ஒரே நேரத்தில் ஓட்டுவது 1600 வாட்டை உண்மையிலேயே தாண்டினால். அப்போதும் 12 வோல்ட்டில் வாங்காதீர்கள், இரண்டு பேட்டரியைத் தொடராகப் போட்டு 24 வோல்ட் இன்வெர்ட்டருக்குப் போங்கள். ஆம்பியர் பாதியாகும், அதே கேபிளில் வீணாகும் பவர் கால்வாசியாகும். சும்மா பெரிய இன்வெர்ட்டர் வாங்கி வைத்தால் அது எதையும் ஓட்டாதபோதும் தன் செலவுக்கு இழுக்கும். உங்கள் 2000 வாட்டே சும்மா இருக்க 20 வாட் எடுத்தால், பன்னிரண்டு மணி நேர ராத்திரிக்கு 20 ஏஎச் அதற்கே போய்விடும். 3000 இன்னும் கூடுதலாகத் தின்னும், காலையில் பேட்டரி இன்னும் கீழே இருக்கும், பாட்டியின் மிக்ஸி இன்னும் சீக்கிரம் நிற்கும்.

இதைச் சோதிக்க ஏற்காடு வரை டீசல் போட்டுப் போக வேண்டாம். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலிலேயே சார்ஜர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜையும் ஃபேனையும் ராத்திரி முழுக்க வண்டி பேட்டரியில் ஓடவிடுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். காலையில் எழுந்ததும் மிக்ஸியைப் போடுங்கள். என் கணிப்பு சரியென்றால் அஸ்தம்பட்டியிலேயே ஓவர்லோட் வரும். அப்போது இரண்டு முனையிலும் வோல்டேஜை எழுதி வைத்துக்கொண்டு லக்குகளைக் கழற்ற ஆரம்பியுங்கள். வேலை முடிந்ததும் இன்னொரு ராத்திரி இதேபோல ஓட்டிப் பார்த்து, காலையில் மிக்ஸி அரைத்தால், அதற்குப் பிறகு கோரிமேடு வழியாக வண்டியை மேலே விடுங்கள்.